ஐசியூவில் நான், தட்டில் தோசை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஐசியூவில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில், போர்ட் பிளேர் பத்துபஸ்தியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தோசை தின்றுகொண்டும் இருந்தேன்.

இரண்டு இடத்திலும் ஒரே ஆள். ஒரே வயிறு. எப்படி என்கிறீர்களா? வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்வரை எனக்கே தெரியாது.

ஆட்டோவிலிருந்து இறங்கியவர் நூர்ஜஹான் அக்கா. பஜாரில் அவர்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. என் மனைவி சுமதியிடம் வாரம் தவறாமல் இட்லி மாவு வாங்குகிறவர். அன்று அவர் கையில் மாவு டப்பா இல்லை. ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் துணிப்பை, தோளில் மடித்த போர்வை. செருப்பை எங்கே விட்டோம் என்ற கவலைகூட இல்லாமல் உள்ளே வந்தவர், என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி... நீங்க ஆஸ்பத்திரில இல்லையா?"

வாய் நிறைய தோசை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப ரெஃபர் பண்ணது யாரை?"

மெயின்லேண்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தீவில் 'ரெஃபர்' என்பது சாதாரண வார்த்தை இல்லை. இங்கே முடியாது, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுப்பதுதான் ரெஃபர். அந்த வார்த்தை காதில் விழுந்தால், ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். நடுவில் கடல் இருக்கிறது, டிக்கெட் கிடைக்க வேண்டும், கூடப் போக ஆள் வேண்டும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனவே ஊரே கிளம்பி வந்துவிடும். பகையாளிகூட ஒரு பாட்டில் வெந்நீரோடு வருவான்.

சுமதி தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். அக்கா தன் போனை நீட்டினார். சுமதியின் பெயர். சுமதியின் போட்டோ. கீழே ஆங்கிலத்தில் ஒரு செய்தி. என் கணவர் ஐசியூவில் இருக்கிறார், சென்னைக்கு ரெஃபர் செய்திருக்கிறார்கள், அவசரமாகப் பணம் தேவை, நாளையே திருப்பித் தந்துவிடுவேன், தயவுசெய்து உதவுங்கள்.

சுமதி அதை இரண்டு தடவை படித்தாள். தோசை கருகும் வாசனை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் அவள் கவனிக்காமல் கருகிய முதல் தோசை அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து மித்ரா டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெங்காலி டீச்சர், சனிக்கிழமை டிபனுக்கு நிரந்தர வாடிக்கை. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "அரே, பாய் சாப் தோ கா ரஹே ஹை," என்றார். ஐசியூ கேஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதே என்ற திகைப்பு. அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் இளநீரோடு ஒருவர்... அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, சுமதியின் வாடிக்கையாளராம். கொஞ்ச நேரத்தில் எங்கள் கூடத்தில் நாற்காலி இல்லை. ஆட்டோ டிரைவர் மட்டும் வாசலிலேயே நின்று, "பேஷண்ட் கிதர் ஹை?" என்று நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். எச்சில் கை.

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நிம்மதி இருந்தது, மறுக்கவில்லை. கூடவே லேசான ஏமாற்றமும் இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது. வந்த இடத்தில் ஆள் இப்படி வெங்காயச் சட்னியோடு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் இருக்காது?

சரி, இது எப்படி நடந்தது?

இந்தக் கேள்வியை அன்று கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் நான் மட்டும் கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம். சுமதி கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மாவு. அவள் போனில் டிங் டிங் என்று சத்தம். யாரென்று பாருங்கள் என்றாள். பார்த்தேன். திக்லிபூரில் இருக்கும் என் நண்பர் செல்வராஜ். ரோடு கான்ட்ராக்டர். எங்கள் டிக்கெட் கணக்கு சுமதியின் எண்ணில், பேசுவது மட்டும் நான் என்பது அவருக்குத் தெரியும். 'சார், டிக்கெட் ஓப்பன் ஆயிடுச்சு. மேடம் நம்பருக்கு ஒரு ஓடிபி கோடு வந்திருக்கும். சீக்கிரம் அனுப்புங்க, சீட் போயிடும்.'

இங்கே நீங்கள் கொஞ்சம் எங்கள் பக்கம் நின்று யோசிக்க வேண்டும். எங்களுக்குக் கப்பல் டிக்கெட் என்பது குடும்பத் தொழில். புக்கிங் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வோம். யார் போனில் நெட் கிடைக்கிறதோ அவர் மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் போடுவார். அதற்காகவே சொந்தக்காரர்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் அடையாள அட்டைகள் பறக்கும். கோடுகள் பறக்கும். என் கோடு உன் கையில், உன் கோடு அவர் கையில். நெட் நத்தை வேகத்தில் ஊர்ந்த காலத்தில் வந்த பழக்கம். அப்போது வடக்கே திக்லிபூரில் டவர் கிடைத்தால் தெற்கே ஹட் பேயில் இருப்பவருக்கு டிக்கெட். பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. நெட் வேகமாகிவிட்டது. புத்தி மட்டும் பழைய ஸ்பீடிலேயே இருக்கிறது... வேறு யாருக்கும் இல்லை, எனக்குத்தான்.

சுமதியின் போனில் ஆறு இலக்கக் கோடு வந்திருந்தது. அதற்கு மேலேயே, இதை யாரிடமும் பகிராதீர்கள் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. என் மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. மேசை நாலடி தூரத்தில் இருந்தது. நாலடி நடக்கச் சோம்பல். எண்கள் மட்டும் தெரிந்தன. அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. 'தேங்க் யூ சார்.'

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். செல்வராஜைப் பல வருடங்களாகத் தெரியும். அவர் வாயிலிருந்து தேங்க்ஸ் என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு நான் கப்பலில் சீர்வரிசைப் பீரோவை ஏற்றி அனுப்பியபோதுகூட, கதவு ஏன் ஆடுகிறது என்றுதான் கேட்டார்.

அது செல்வராஜ் இல்லை. அவர் வாட்ஸ்அப்பை அதற்கு முன்பே எவனோ பிடித்துவிட்டான். எங்கள் டிக்கெட் குழுவில் செல்வராஜ் பெயரில் உட்கார்ந்து, நாங்கள் எப்படிப் பேசுகிறோம், எதைக் கேட்டால் எதைக் கொடுப்போம் என்று பாடம் படித்திருக்கிறான். டிக்கெட் என்றால் கோடு கிடைக்கும். ரெஃபர் என்றால் மனம் இளகும். நல்ல மாணவன். நான் அனுப்பியது கப்பல் டிக்கெட் கோடே இல்லை, சுமதியின் வாட்ஸ்அப்பைத் திறக்கும் கோடு.

சற்று நேரத்தில் சுமதியின் போனில் வாட்ஸ்அப் நின்றுபோனது. உங்கள் எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று திரை சொன்னது. அதையும் என்னிடம்தான் காட்டினாள். இந்த வீட்டின் தொழில்நுட்ப ஆலோசகர் நான் அல்லவா?

"நெட்வொர்க்," என்றேன். "காலைல தானா வந்துடும்."

எங்கள் தீவில் எது நின்றாலும் நெட்வொர்க்தான் காரணம். சீரியல் நின்றால் நெட்வொர்க். கரண்ட் போனால்கூட ஒரு நொடி நெட்வொர்க்கைத்தான் சந்தேகிப்போம். சுமதி நம்பினாள். பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் யாழினி டியூஷனிலிருந்து வந்து, என்ன என்று கேட்டபோதும் அதையே சொன்னேன். அவளும் பரீட்சை நினைப்பில் விட்டுவிட்டாள். திருடனுக்கு ஓர் இரவு முழுக்க இலவசமாகக் கொடுத்தது நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் பத்துபஸ்தியில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். இதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் 'இல்லமும் இணையமும்' என்ற தலைப்பில் பேசினேன். பவர்பாயிண்ட் உண்டு. 'கோடு என்பது வீட்டுச் சாவி, யாரிடமும் கொடுக்காதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்லைடு உண்டு. கைதட்டல் உண்டு. பொன்னாடைகூட உண்டு. அது நூர்ஜஹான் அக்கா கடையில் எடுத்தது.

கூடத்தில் நின்றவர்களிடம் இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. சுமதியைப் பார்த்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லங்க. என் பேர்ல கேக்க வெச்சிட்டீங்க."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். அவள் கத்தவில்லை.

உங்களுக்குச் சுமதியைத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை வாங்க வேண்டும் என்றால்கூடச் சர்க்கரை இல்லாமல் காபி குடிப்பவள். என்னையும் குடிக்க வைப்பவள். வங்கிக் கடனில்லாமல், கைமாற்று இல்லாமல், ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்து இன்று பத்துபஸ்தியில் பாதி வீடுகளுக்கு மாவு கொடுக்கிறாள். அவள் முதலீடு அரிசி உளுந்து இல்லை, பெயர். சுமதி சொன்னால் சொன்ன நேரத்தில் வரும், புளிக்காமல் வரும். அந்தப் பெயரில் ஒருவன் வீடு வீடாகக் கையேந்திக்கொண்டிருந்தான்.

நூர்ஜஹான் அக்கா பையைக் கீழே வைத்தார். "என்ன புள்ள பேசுற நீ? நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அதான ஓடி வந்தேன். நீயே வாய்விட்டுக் கேட்டுட்டேன்னா, எவ்வளவு பெரிய கஷ்டமோன்னுதான் வந்தேன்."

மித்ரா டீச்சர் தனக்குச் சந்தேகம் வந்தது என்றார். சுமதி எதையும் டைப் செய்ய மாட்டாள், மூச்சு விடாமல் பேசி வாய்ஸ் மெசேஜ்தான் போடுவாள், அதுவும் ஒருநாளும் 'ப்ளீஸ்' சொன்னதில்லை என்றார். பிறகு ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டேன். "ஷக் தா. ஃபிர் பி ஆ கயி," என்றார். சந்தேகம் இருந்தது, இருந்தாலும் வந்துவிட்டேன்.

பாருங்கள், அந்தத் திருடன் எங்கள் வார்த்தையைக் கற்றுக்கொண்டான், வழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. ரெஃபர் என்றால் இங்கே போனில் பணம் அனுப்ப மாட்டார்கள். பிளாஸ்க்கோடு நேரில் வந்து நிற்பார்கள். அவன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

ஆனால் எல்லோரும் பழைய ஆட்கள் இல்லையே. மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண்ணுக்கு இங்கத்திய வழக்கம் தெரியாது, நல்ல மனசு மட்டும் இருந்தது. பணத்தை அனுப்பிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் சுமதி அன்றே அவள் வீட்டுக்குப் போய் அந்தத் தொகையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வாங்க மறுத்தாளாம், சுமதி விடவில்லை. அந்தப் பணம் யார் பாக்கெட்டிலிருந்து போனது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. நியாயம்தான்.

யாழினி வேலையில் இறங்கினாள். சைபர் புகார் எண்ணுக்குப் பேசி, புகாரைப் பதிவு செய்தாள். என்ன நடந்தது என்று அந்தப் பக்கம் கேட்கும்போதெல்லாம் போனை என் காதில் வைத்தாள். வாக்குமூலம் நான் கொடுக்க வேண்டுமாம். பிறகு சுமதியின் எண்ணை மறுபடி பதிவு செய்தாள். கோடு வந்தது. அதைப் பார்க்க நான் எட்டினேன். மூன்று பேர் என் தலையைத் தள்ளினார்கள், அதில் ஒருவர் ஆட்டோ டிரைவர்.

திருடன் வெளியே போய்விட்டான். ஆனால் போகிறபோது உள்ளே ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். கோடு சரியாக இருந்தாலும் வாட்ஸ்அப் கேட்கும் இரண்டாவது ரகசிய எண். முன்னமே நாங்கள் போட்டு வைத்திருக்க வேண்டிய எண்ணை, எங்களுக்கு முன்னால் அவன் போட்டுவிட்டான். அது காலாவதியாக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றாள் யாழினி. அதுவரை சுமதிக்கு வாட்ஸ்அப் இல்லை. ஆர்டர் இல்லை. 'அது நான் இல்லை' என்று சொல்லவும் வழி இல்லை.

அப்போதுதான் யாழினி என்னைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, நீங்க கோடு குடுத்ததுகூடப் பரவால்ல. நெட்வொர்க்னு சொன்னீங்க பாருங்க... அதான்."

ஏன் சொன்னேன்? யோசித்துப் பார்த்தால், அந்தத் திரையைப் படித்ததுமே கோடு ஞாபகம் வந்தது. பொன்னாடையும் ஞாபகம் வந்தது. பொன்னாடை ஜெயித்துவிட்டது.

சுமதி அன்று மத்தியானமே முடிவெடுத்துவிட்டாள். யாரெல்லாம் மாவு வாங்குகிறார்களோ, அத்தனை வீட்டுக்கும் நேரில் போவது. வழக்கம்போல் மாவோடு. முகத்தைப் பார்த்துச் சொல்வது. நான் வீட்டில் இருந்து மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிளஸ் டூ படிக்கும் பெண்ணைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று சுமதியும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஆக, வண்டியில் மாவு டப்பாக்களோடு நானும். நான் எதற்கு என்றால், சாட்சிப் பொருள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே காட்சிதான். சுமதி கூப்பிடுவாள். கதவு திறக்கும். அந்த மெசேஜ் என்னது இல்லை, இவர்தான் கோடு கொடுத்தார் என்று பின்னால் கையைக் காட்டுவாள். நான் கும்பிடு போடுவேன். முதல் ஐந்து வீட்டில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பத்தாவது வீட்டில் அவள் கையைக் காட்டுவதற்கு முன்பே நான் கும்பிட்டுவிட்டேன்.

சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "சார், அந்தச் செவப்பு ஸ்லைடு போட்டது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"நான் அன்னைக்கே வீட்ல எல்லார் போன்லயும் ரெண்டாவது நம்பர் போட்டுட்டேன் சார். ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. என் பேச்சைக் கேட்டு உருப்படாத ஒரே வீடு என் வீடு.

எல்லா வீடும் அப்படி அன்பாகத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் டப்பாவை வாங்காமல், பிறகு சொல்கிறோம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சுமதி டப்பாவோடு படி இறங்கினாள். அடுத்த வீட்டுக்குப் போகும்வரை நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை... என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அந்த வாரம் முழுவதும் நூர்ஜஹான் அக்காவின் கடைதான் சுமதியின் வாட்ஸ்அப். யாருக்கு எவ்வளவு மாவு வேண்டுமோ அங்கே சொல்லிவிட்டுப் போனார்கள். துணி வாங்க வந்தவர்களிடமும் அக்கா மாவு ஆர்டர் எடுத்தார். வாரக் கடைசியில் பார்த்தால் புதிதாகச் சில வீடுகள் சேர்ந்திருந்தன. கதவைச் சாத்திய வீட்டிலிருந்தும் மறுவாரம், முன்பு வாங்கியிருந்த டப்பா மாவுக்காக வந்தது, கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு எலுமிச்சம்பழத்தோடு. சுமதி எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்த டப்பாவிலேயே மாவை நிரப்பினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. நான் உபதேசம் செய்யும் தகுதியை இழந்துவிட்டேன் என்பதால், எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் பாடு.

மூன்று போனிலும் இரண்டாவது ரகசிய எண் போட்டாயிற்று. நான் என் பிறந்த வருடத்தைப் போடலாம் என்றேன். அது டிக்கெட் குழுவில் ஊருக்கே தெரியும் என்றாள் யாழினி. கல்யாண நாளைப் போடலாம் என்றேன். அது உங்களுக்கு ஞாபகம் இருக்குமா என்றாள் சுமதி. கடைசியில் அவரவர் எண்ணை அவரவரே போட்டுக்கொண்டோம்.

டிக்கெட் குழுவில் கிடந்த எங்கள் அடையாள அட்டைப் படங்களையெல்லாம் அழித்தோம். என் போனில் சித்தப்பா, மாமா, மாமாவின் சம்பந்தி என்று குடும்பத்தின் மொத்த அட்டைகளும் இருந்தன. சம்பந்தியின் சம்பந்திகூட இருந்தார். அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

யார் போனில் கோடு வந்தாலும் அதைப் பார்ப்பது அந்தப் போனுக்குச் சொந்தக்காரர் மட்டும். கையில் மாவு இருந்தால், கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்க்கட்டும். அவசரம் என்று எழுத்தில் வந்தால், பதிலும் எழுத்தில் போகாது. கூப்பிட்டுக் குரலைக் கேட்போம். செல்வராஜை நான் அன்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும், அவர் திட்டியிருப்பார், உண்மையான செல்வராஜ் என்று தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது யாழினி போட்ட சட்டம். யார் தப்பாக எதை அமுக்கினாலும் அந்த நிமிடமே வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொன்னவரைத் திட்டக் கூடாது. திட்டு விழும் என்று பயந்துதானே மறைக்கிறோம்? பெரியவர்கள்தான் அதிகம் மறைக்கிறோம், எங்களுக்குப் பொன்னாடை இருக்கிறது அல்லவா. மிக நல்ல சட்டம் என்று நான் உடனே ஆதரித்தேன். அது அன்று முதல்தான் அமல், முந்தைய குற்றங்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்துவிட்டார்கள்.

பிறகு அந்த ரகசியக் கேள்வி.

இப்போதெல்லாம் குரலையே நகல் எடுக்கிறார்களாம். எனவே தெரியாத எண்ணிலிருந்து வீட்டு ஆள் பேசினால், வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேள்வி? நான் சில நல்ல யோசனைகள் சொன்னேன். என் முதல் பரிசு, என் முதல் கட்டுரை... சுமதி கேட்டுவிட்டு, பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் எதன்மேல் உட்கார்ந்தீர்கள் என்பதுதான் கேள்வி என்றாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். தீவிலிருந்து கப்பலில் போய்ச் சென்னையில் இறங்கிய மறுநாளே அவர்கள் வீட்டில் பெண் பார்க்கும் சடங்கு. கப்பலில் நாட்கணக்கில் போனவர்களுக்குத் தெரியும், இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டே இருக்கும். எனக்குக் கூடம் இடமும் வலமும் ஆடியது. நாற்காலியைக் குறிவைத்துத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து ஸ்டூலில் சொஜ்ஜித் தட்டு இருந்தது. சூடான சொஜ்ஜி. மாமனார், மாப்பிள்ளை குடித்திருக்கிறாரா என்று விசாரித்தாராம். இது வெளியில் தெரியாமல் இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறேன்.

இங்கே எழுதிவிட்டதால் கேள்வியை மாற்றியாயிற்று. புதிய கேள்வி இதைவிட மோசம்.

கேள்வி மாறுவதற்கு முன்னால், போன வாரம், ஹட் பே ஊருக்கு ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனேன். தனியாகத்தான். சுமதிக்கு மாவு ஆர்டர், யாழினிக்குப் பரீட்சை. திரும்பும் நாளில் கடல் சரியில்லை என்று என் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். கப்பல்துறையில் அதைக் கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தேன், சட்டைப் பையிலிருந்த போன் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. என்னைவிட முன்னால் கிளம்பிவிட்டது.

டிக்கெட் கவுன்டரில் நீளமான வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெங்காலி இளைஞர் நல்லவர். தன் போனிலேயே அடுத்த கப்பலுக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். எங்கள் டிக்கெட் கணக்கு சுமதியின் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னேன், அவர் போட்டார். கோடு அவளுக்குப் போயிற்று. அவர் போனை வாங்கி வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"சுமதி, நான்தான். என் போன் கடல்ல விழுந்துடுச்சு. இது வேற ஒருத்தர் நம்பர். உனக்கு ஒரு கோடு வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு, சீட் போயிடும்."

சொல்லும்போதே எங்கோ கேட்ட வசனம் மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. பெண் பார்க்க வந்த அன்று எதன்மேல் உட்கார்ந்தீர்கள்?

முன்னால் ஆள், பின்னால் ஆள். வாயைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொன்னேன். காற்று இரைச்சலில் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள்.

"சொஜ்ஜித் தட்டு மேல உக்காந்தேன்," என்று கத்தினேன்.

வரிசை திரும்பிப் பார்த்தது. பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டேன். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் பேசும் வரிசை. சொஜ்ஜி யாருக்குத் தெரியப்போகிறது? அப்போது பின்னாலிருந்து தமிழ் தெரிந்த ஒரு புண்ணியவான், எல்லோருக்கும் புரியும் தீவு ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். "சூஜி கா ஹல்வா. உஸ்கே ஊப்பர் பைட் கயா." ரவை அல்வா, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

வரிசையில் சிரிப்பு ஓடியது. நான் போனில் குனிந்து, பதில் சரிதானே, கோடைச் சொல் என்றேன்.

"பதில் சரிதான்," என்றாள் சுமதி. "நீங்கதான்னு இப்ப நல்லாத் தெரிஞ்சிடுச்சு. அதனாலதான் தர மாட்டேன். க்யூவுல நின்னு வாங்கிட்டு வாங்க."

நின்றேன். எனக்குப் பின்னால் அல்வாக் கதையை வரிசையின் கடைசி ஆள்வரை ஃபார்வர்ட் செய்துகொண்டிருந்தார்கள்... நெட்டே இல்லாமல்.